எழுந்ததற்கான சான்றிதழ்

"முப்பத்தேழாவது சாவு யாரோடது? சீக்கிரம் வாங்கய்யா, கவுண்டரைச் சாத்தப் போறேன்!"

"என்னோடதுதான்! சாத்திடாதீங்க சார்!"

மூன்றாவது மாடிப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி வந்துகொண்டிருந்தார் கத்திரி. வயது எழுபத்து நான்கு. நாற்பது வருடம் எடிட்டிங் அறையில் ஃபிலிமை வெட்டி ஒட்டியவர் என்பதால் அந்தப் பெயர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே சில சமயம் சட்டென்று வராது.

மணி இரண்டேகால். நான்கு மணிக்கு அவள் வந்துவிடுவாள். அதற்குள் காரியம் முடிந்தாக வேண்டும்.

காலையில்தான் பாப்பாவிடமிருந்து ஃபோன் வந்தது. "மாமா, வாரியத்துல கூப்பிட்டிருக்காங்க. அப்பாவோட கண்காட்சி நாளைக்குத் திறக்கறாங்களாம். இன்னிக்கு நாலு மணிக்கு எனக்கு மட்டும் முப்பத்தேழாவதைக் காட்டறாங்களாம், எழுந்ததோட சேர்த்து! டூட்டி முடிஞ்சு நேரா வந்துடறேன்." குரலில் ஒன்பது வயதுச் சிறுமியின் துள்ளல். அவளுக்கு இப்போது நாற்பத்தொன்று.

அவள் அதைப் பார்க்கக் கூடாது. ஏன் என்று தெரிந்தவர்கள் மொத்தம் பதினான்கு பேர். அதில் பதின்மூன்று பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

திரைக்கலை மரபுப் பாதுகாப்பு வாரியத்தின் கவுண்டர் எழுத்தர் மனுவை வாங்கிப் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"சாவைச் சேர்க்கணுமா?"

"இல்ல சார், எடுக்கணும். கண்காட்சியில முப்பத்தேழாவது மட்டும் வேண்டாம்."

"சேர்க்கத்தான் படிவம் இருக்கு. எடுக்கப் படிவம் இல்ல."

"அதான் வெள்ளைத்தாள்ல எழுதியிருக்கேன்."

"வெள்ளைத்தாள்ல யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் எழுதிடலாமே! நீங்க இறந்தவருக்கு என்ன வேணும்?"

"ஒட்டினவன் சார்."

"ஒட்டின உறவா, ரத்த உறவா?"

"ஃபிலிம் ஒட்டினவன்."

எழுத்தர் ஒரு தடித்த பதிவேட்டைப் பிரித்தார். விரல் கீழே இறங்கியது. மரணம் ஒன்று, துப்பாக்கி, எழுந்தார். மரணம் இரண்டு, காசநோய், எழுந்தார். மரணம் மூன்று, கடல், எழுந்தார். பக்கங்கள் புரண்டன. கடைசி வரியில் விரல் நின்றது.

"மரணம் முப்பத்தேழு. சிறை மருத்துவமனை. எழுச்சி நிலுவையில்." எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நிமிர்ந்தார். "முப்பத்திரண்டு வருஷமா நிலுவை! இதுக்கு நீங்கதான் பொறுப்பா? நல்லவேளை, நீங்களே வந்து மாட்டினீங்க. உள்ள போங்க. எழுச்சிப் பிரிவு."

*

எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிட்ட அந்த நடிகர், பாப்பாவின் அப்பா, சினிமாவுக்குள் நுழைந்ததே பிணமாகத்தான்.

ஒரு போர்க்களக் காட்சி. இருநூறு துணை நடிகர்கள் செத்துக் கிடந்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றொன்பது பிணங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தன. ஒரு பிணம் மட்டும் மூக்கின் மேல் உட்கார்ந்த ஈயை அப்படியே விட்டது. டைரக்டர் ஒலிபெருக்கியை எடுத்தார். "அந்தப் பொணத்தை முன்னாடி கொண்டு வாங்கப்பா!"

அன்று முன்னால் வந்தவர்தான். அடுத்த படத்தில் "தண்ணி" என்ற ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுச் செத்தார். நான்காவது படத்தில் கதாநாயகியின் மடியில் செத்தபோது தியேட்டரில் டார்ச் அடிக்கிறவர்கூட அழுதார். ஒரே ஒரு தயாரிப்பாளர் துணிந்து அவரைக் கடைசிவரை உயிரோடு விட்டுக் கல்யாணமும் செய்துவைத்தார். படம் ஆறே நாளில் சுருண்டது. "இவர் சாக மாட்டார் என்றால் நாங்கள் எதற்கு வர வேண்டும்?" என்று ஒரு வாசகி வாரப் பத்திரிகைக்கு எழுதினார். அதற்கப்புறம் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் பாத்திரத்தின் பெயர் இருக்கும். இரண்டாம் பக்கத்தில் நோயின் பெயர் இருக்கும்.

ஒரு படத்தில் இரட்டை வேடம். டாக்டர் தம்பி இடைவேளையில் சாவார், திருட்டு அண்ணன் கிளைமாக்ஸில் சாவார். இதை ஒரு சாவாகக் கணக்கில் எடுப்பதா, இரண்டாகவா என்று வாரியம் பதினொரு மாதம் விவாதித்தது. ஒன்றரை என்று முடிவானது. அரைச் சாவுக்குத் தனி அலமாரி இல்லாததால் இரண்டாக்கினார்கள்.

திரையில் எட்டு முறை கடலில் விழுந்தவர், வீட்டில் வெந்நீரில்தான் குளிப்பார். தூறல் போட்டால் கழுத்தில் மஃப்ளர் ஏறிவிடும். "எனக்கு நிஜச் சாவு பத்தி ஒண்ணும் தெரியாது கத்திரி," என்பார். "தெரிஞ்சிருந்தா இவ்வளவு அழகாச் செத்திருக்க மாட்டேன்."

மகளுக்கு நான்கு வயதிருக்கும்போது யாரோ தெரியாத்தனமாக அவளைப் படத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. அண்ணனே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார். அவள் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: "எங்கப்பா செத்துட்டார். நீ வேற யாரோ."

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு; வாரியத்தின் சாவுக் கணக்கும் அதிலிருந்துதான் தொடங்குகிறது. சாவுக் காட்சி முடிந்ததும் கேமராவை நிறுத்தக் கூடாது. அண்ணன் தானாகக் கண் திறந்து, லென்ஸைப் பார்த்துச் சிரித்து, "பாப்பா, அப்பா எழுந்துட்டேன்" என்பார். அதன்பிறகுதான் கட். கத்திரி அந்தத் துண்டை வெட்டி எடுத்து, படம் வெளியாவதற்கு முன்பே எடிட்டிங் மெஷினின் சின்னத் திரையில் பாப்பாவுக்குக் காட்டுவார். எழுந்ததைப் பார்த்தால்தான் அவள் சாவதைப் பார்ப்பாள். அது அப்பாவும் மகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம்.

சினிமாக்காரர்கள் கையில் எது கிடைத்தாலும் சகுனமாகிவிடும். ஒருமுறை உதவியாளர் ஒருவர், அண்ணன் எழும் முன்பே முகம் துடைக்கும் துண்டோடு ஓடிப்போய்த் தோளைத் தொட்டார். மறுநாள் செட்டில் விளக்கு விழுந்து ஒருவருக்குக் கால் போனது. அதோடு சட்டம் இறுகிவிட்டது. அண்ணன் தானாக எழும்வரை யாரும் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, இருமக்கூடக் கூடாது.

முப்பத்தாறு முறை எழுந்தார். முப்பத்தேழாவது சாவை எடுத்து முடித்த மறுநாள் காலை, அண்ணன் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று செய்தி வந்தது. படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பாப்பா மட்டும் அதை இன்றுவரை பார்க்கவில்லை. "எழுந்த துண்டு எங்க மாமா?" என்று வருஷத்துக்கு ஒருமுறை கேட்பாள். "தேடிக்கிட்டே இருக்கேம்மா," என்பார் கத்திரி.

*

எழுச்சிப் பிரிவுக்குப் போகும் தாழ்வாரத்தின் இருபுறமும் திரைகள். நாளைய கண்காட்சிக்காக ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லை. முப்பத்தாறு திரைகளில் அண்ணன் செத்துக்கொண்டும் எழுந்துகொண்டும் இருந்தார். கத்திரி ஒவ்வொரு திரையைத் தாண்டும்போதும் அதில் கண்கள் திறந்தன. ஏதோ கணக்கில் அப்படி அமைந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நடையை நிறுத்திப் பார்த்தார். பக்கத்துத் திரையில் மூடிய கண் மூடியபடியே இருந்தது. காலை எடுத்து வைத்தார். திறந்தது.

தாழ்வாரத்தின் கோடியில் கறுப்புத் துணி போர்த்திய ஒரு திரை. அதைச் சுற்றி ஆறடிக்குத் தரையில் தூசி.

"அங்க நான் பெருக்க மாட்டேன் ஐயா," என்றார் துடைப்பத்தோடு நின்ற துப்புரவு அம்மாள். "போன வாரம் துணி விலகியிருந்துச்சு. பார்த்துட்டேன். மத்த முப்பத்தாறுலயும் மூச்சை அடக்கிக்கிட்டுக் கிடக்கறார். இதுல அடக்கல."

கத்திரி எழுச்சிப் பிரிவின் கதவைத் தள்ளினார்.

எழுச்சிப் பிரிவின் கண்காணிப்பாளர் அம்மாள் அவரைப் பார்த்ததும் கோப்பை மேசையில் போட்டார். "வாங்க. ஏன் இன்னும் எழலை?"

"யாரும்மா?"

"முப்பத்தேழு! மேலிடத்துல என்னைத்தான் கேக்கறாங்க. விதி பதினாலு: எழாத மரணம் பொதுமக்கள் பார்வைக்கு உகந்ததல்ல. குழந்தைங்க வர்ற இடம். ஏழு நினைவூட்டல் அனுப்பிட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல."

"யாருக்கு அனுப்பினீங்க?"

"நடிகருக்குத்தான்."

"அவர் செத்து முப்பத்திரண்டு வருஷம் ஆச்சேம்மா!"

"அது வேற பிரிவு. நாங்க சினிமாச் சாவு மட்டும்தான். சொந்தச் சாவெல்லாம் ரெண்டாவது மாடி." அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அங்க இவர் கோப்பு எவ்வளவு சுத்தமா இருக்கு தெரியுமா? வீட்டில், தூக்கத்தில், மறுநாள் காலை. டாக்டர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து, எல்லாம் கச்சிதம். இங்கதான் அலங்கோலம்."

அந்தச் சாட்சிக் கையெழுத்துகளில் ஒன்று கத்திரியுடையது.

"அம்மா, அதனாலதான் சொல்றேன். எழலைன்னா காட்டக் கூடாதுல்ல? எடுத்துடுங்க."

"எடுக்கறதா? அழைப்பிதழ்ல முப்பத்தேழுன்னு அச்சடிச்சாச்சு, எழுந்ததோட காட்டறோம்னு மகளுக்கும் சொல்லியாச்சு. வாங்க, குழு உக்கார்ந்திருக்கு."

*

குழுவில் மூன்று பேர். வாரியத் தலைவர், நடிப்பு மதிப்பீட்டாளர், மருத்துவ உறுப்பினர். அறையை இருட்டாக்கி முப்பத்தேழாவது சாவை ஓட்டினார்கள். கத்திரி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பார்க்காமலே அவருக்கு ஒவ்வொரு ஃபிரேமும் தெரியும். இரும்புக் கட்டில். கம்பி ஜன்னல். அண்ணன் காவலரிடம், "ஜன்னலை…" என்கிறார். பிறகு ஒன்றுமில்லை. கட்டிலுக்கு வெளியே கை சரிகிறது.

விளக்கு எரிந்தது. மதிப்பீட்டாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"எனக்குத் திருப்தி இல்ல. வசனம் 'ஜன்னலைத் திறந்து வை, மகன் வருவான்'. இவர் பாதியில நிறுத்திட்டார். பாடம் மறந்திருக்கார். கை விழறது தாமதம். கண் வேற அரைகுறையா மூடியிருக்கு. நிஜமாச் சாகறவன் இப்படியா சாவான்? பதினெட்டாவது சாவைப் பாருங்க, அதுதான் சாவு. உயிர் இருந்தது அதுல."

"தங்கப் பதக்கம் இதுக்குத்தானே குடுத்தோம்?" என்றார் தலைவர்.

"அது அனுதாபத்துல குடுத்தது சார்."

மருத்துவ உறுப்பினர் தொண்டையைச் செருமினார். "நான் தோல் மருத்துவர். என் துறையில சொல்றேன். முகம் மெல்ல மெல்ல வெளுத்துட்டே போகுது பாருங்க, அருமையான மேக்கப். இந்தக் காலத்துல இப்படிப் போட ஆள் இல்ல."

தலைவர் எழுந்தார். எழுந்தால் பேசாமல் உட்காரும் வழக்கம் அவருக்கு இல்லை.

"நண்பர்களே! சாவது கலைஞனின் சுதந்திரம். அதில் இந்த வாரியம் என்றைக்கும் தலையிட்டதில்லை. ஆனால் எழுவது நிர்வாகத்தின் பொறுப்பு. ஒரு நடிகர் எழவே இல்லை என்று செய்தி பரவினால் மக்கள் என்ன நினைப்பார்கள்? படப்பிடிப்பில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைப்பார்கள். தப்பு நடந்ததா என்று பார்ப்பது நம் அதிகார வரம்பில் இல்லை. தப்பு நடந்ததுபோல் தெரியாமல் பார்ப்பதுதான் நம் அதிகார வரம்பு. அந்த வரம்பை நான் ஒருநாளும் மீறியதில்லை!"

மற்ற இருவரும் கை தட்டினார்கள். தலைவரும் தட்டினார்.

"கையிருப்பில முப்பத்தாறு எழுச்சி இருக்கு," என்றார் கண்காணிப்பாளர் அம்மாள். "அதுல ஒண்ணை இதோட ஒட்டிட்டா?"

"அது பொய்யில்லையா சார்?" என்றார் கத்திரி.

"பொய் எங்கய்யா இருக்கு?" தலைவர் உண்மையிலேயே வியந்தார். "அவர் எழுந்தது நிஜம். எப்போ எழுந்தார்ங்கறது வெறும் விவரம். நீங்கதானே ஒட்டறவர்? ஒட்டுங்க."

மறுக்கத்தான் வாய் திறந்தார் கத்திரி. அப்போதுதான் அது உறைத்தது. பாப்பா கேட்பது ஒரு சிரிப்பு. அது இருந்தால் அதற்கு முந்தியதை அவள் உற்றுப் பார்க்க மாட்டாள். முப்பத்திரண்டு வருடமாக அவர் எங்கெங்கோ தேடிய வழி, இந்த மடையர்கள் வாயிலிருந்து வந்து விழுகிறது.

"எந்த அறை?" என்றார்.

இருபத்தொன்பதாவதைத் தேர்ந்தெடுத்தார். விஷக்காய்ச்சல் படம். அதிலும் வெள்ளை விரிப்பு, இரும்புக் கட்டில். துண்டை விளக்கொளியில் தூக்கிப் பிடித்தார். சின்னச் சின்னச் சதுரங்களில் மூடிய கண், மூடிய கண், மூடிய கண். ஒட்டுநாடாவை வைத்து அழுத்தும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ கை தட்டுவதுபோல் இருந்தது. ஒருவர் அல்ல, பத்துப் பன்னிரண்டு பேர். திரும்பிப் பார்த்தார். காலி நாற்காலிகள்.

மூன்று ஐம்பதுக்குச் சான்றிதழ் தயார். முத்திரை ஈரமாக இருந்தது. "இக்காட்சியில் இறந்தவர் பின்னர் எழுந்தார் என இதனால் சான்றளிக்கப்படுகிறது."

*

"மாமா! நீங்களும் வந்துட்டீங்களா?"

பாப்பா தாழ்வாரத்தில் வந்துகொண்டிருந்தாள். மருத்துவமனைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. பதினெட்டு வருடமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். இருபுறமும் அப்பா கண் திறந்து சிரிக்கச் சிரிக்க, அவளும் ஒவ்வொரு திரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கிடைக்கல கிடைக்கலன்னு இத்தனை வருஷம் டபாய்ச்சீங்களே! பாருங்க, இவங்க கண்டுபிடிச்சுட்டாங்க." கத்திரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. "இதை மட்டும் பார்த்துட்டா போதும் மாமா. இன்னும் என் கனவுல அந்தக் கட்டில்லயே படுத்திருக்கார். நான் கூப்பிடறேன், எழவே மாட்டேங்கறார்."

தலைவர் ஒரு சிறிய சொற்பொழிவுக்குப் பிறகு கறுப்புத் துணியை இழுத்தார். படம் ஓடியது. இரும்புக் கட்டில். கம்பி ஜன்னல். "ஜன்னலை…" கை சரிந்தது. ஒரு சின்னத் துள்ளல், ஒட்டு ஓடிய இடம். அண்ணன் கண் திறந்தார். சிரித்தார். "பாப்பா, அப்பா எழுந்துட்டேன்."

எல்லோரும் கை தட்டினார்கள். பாப்பா தட்டவில்லை.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள்.

இரண்டாம் முறை அவள் திரைக்கு மிக அருகில் போய் நின்றாள். அப்பாவின் கழுத்தையே பார்த்தாள். இடது மணிக்கட்டைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் மறுபடி கழுத்தை. சிரிப்பு வரும் முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைவர் சான்றிதழையும் பேனாவையும் நீட்டினார். "குடும்பத்தினர் ஏற்பு. இங்க ஒரு கையெழுத்தும்மா."

"எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க. மாமா மட்டும் இருக்கட்டும்."

"விதிப்படி குழு உறுப்பினர்…"

"வெளியே போங்க சார்."

வார்டில் பழகிய குரல். போனார்கள்.

"இது இருபத்தொன்பது," என்றாள் பாப்பா. "முன்பல் ஓரத்துல உடைஞ்சிருக்கு. முப்பதாவது சாவுக்கு முன்னாடி அதை சரி பண்ணிக்கிட்டார். நானும் கூடப் போனேன்."

கத்திரி சுவரோடு சாய்ந்து நின்றார்.

"முதல் பாதி… அது நான் தினமும் பாக்கறது மாமா." குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "வீட்டுல தூக்கத்துல போகல. இல்லையா?"

"இல்லம்மா."

"கேமரா எவ்வளவு நேரம் ஓடிச்சு?"

"ரீல் தீர்ற வரைக்கும். நாலு நிமிஷம். அண்ணன் என்னமா செஞ்சுட்டார்னு எல்லாரும் கை தட்டினாங்க. கையைத் தட்டிக்கிட்டே அவர் எழறதுக்காக நின்னோம்."

"நாலு நிமிஷம்." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாலு நிமிஷத்துல நாங்க எத்தனை பேரைத் திருப்பிக் கொண்டு வந்திருக்கோம் தெரியுமா? நெஞ்சுல கை வச்சு அழுத்தறதுக்கு ஒரே ஒருத்தர் போதும். ஒருத்தர்கூடவா கிட்ட போகல?"

தாழ்வாரக் கதவுக்கு வெளியிலிருந்து கண்காணிப்பாளர் அம்மாள் தட்டினார். "அம்மா, கையெழுத்து ஆச்சா? அஞ்சு மணிக்குக் கோப்பை மூடணும்."

இருவரும் திரும்பவில்லை.

"ஒருத்தர் ஓடினார்," என்றார் கத்திரி. "மேக்கப்காரர். அரை நிமிஷத்துலயே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. தன் மேக்கப் வெளுக்காதுன்னு அவருக்குத் தெரியுமில்ல."

"அப்புறம்?"

"முப்பத்தேழாவது துண்டு தொலையல பாப்பா. வெட்டின அன்னிக்கே வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். உங்கப்பா அதுல எழல. மேக்கப்காரர் கட்டில் பக்கம் ஓடுவார். பின்னாலேர்ந்து ஒரு கை வந்து, அவர் சட்டையைப் பிடிச்சு இழுத்து நிறுத்தும். 'தொடாதேய்யா, அண்ணன் எழுந்து பாப்பாகிட்ட பேசணும்'னு சத்தம் கேக்கும்."

அவர் பாப்பாவின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அந்தக் கை என்னோடது."